அலுவலகக் கணினிகளில் லிப்ரே ஆபீஸ்: மாறலாமா? வாசகர் கேள்வி – பதில்

மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 2016, 2019 ஆகிய பதிப்புகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்குவது 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. ஒருமுறை பணம் கொடுத்து வாங்கிப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வந்த சிறு நிறுவனங்கள், இனி ஆண்டுச் சந்தா கட்டுவதா, புதிய பதிப்பை வாங்குவதா, யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமை தரும் கட்டற்ற மென்பொருளான லிப்ரே ஆபீஸுக்கு மாறுவதா என்று யோசித்துக்கொண்டிருக்கின்றன. இது தொடர்பாக வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: எங்களுடையது திருப்பூரில் நடுத்தர அளவிலான பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம். அலுவலகத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட கணினிகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஆபீஸ் சந்தா கட்டுவது பெருஞ்செலவாக இருக்கிறது. லிப்ரே ஆபீஸுக்கு மாறினால், வெளிநாட்டு பையர்கள் அனுப்பும் எக்செல் கோப்புகள் கெட்டுப்போகும் என்று ஆர்டர்களைக் கவனிக்கும் எங்கள் மெர்ச்சண்டைசர்கள் அஞ்சுகிறார்கள். மாறலாமா?

பதில்: மாறலாம், ஆனால் எல்லாக் கணினிகளிலும் மாற வேண்டாம். உங்கள் மெர்ச்சண்டைசர்களின் அச்சத்தில் பாதி நியாயமானது. எந்தப் பாதி நியாயமானது என்பதைக் கண்டறிவதுதான் உங்கள் முதல் வேலை.

ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணினிகளில் நடக்கும் வேலைகளைப் பிரித்துப் பாருங்கள். ஸ்டோர்ஸில் நூல் வரவு, துணி இருப்பு எழுதுகிறார்கள். சாயப்பட்டறைக்கும் பிரிண்டிங்குக்கும் அனுப்பும் துணிக்கு டெலிவரி சலான் போடுகிறார்கள். நிர்வாகப் பிரிவில் வருகைப் பதிவும் கடிதங்களும் தயாராகின்றன. பேக்கிங் லிஸ்ட் தயாரித்து அச்சிடுகிறார்கள். இந்தக் கோப்புகள் எல்லாம் உங்கள் நிறுவனத்துக்குள்ளேயே பிறந்து, தாளாகவோ பிடிஎஃப் கோப்பாகவோதான் வெளியே போகின்றன. இந்த வேலைகளில் எக்செல் செய்வதை லிப்ரே ஆபீஸின் கால்க் குறையின்றிச் செய்யும். கூட்டல், சதவிகிதம், தேடி எடுக்கும் விலுக்கப், நிபந்தனையோடு கூட்டும் சம்இஃப், பிவட் அட்டவணை எல்லாம் அதில் உண்டு. எக்செலின் புதிய எக்ஸ்லுக்கப், ஃபில்டர், யுனிக் போன்ற சார்புகளும் 2024 ஆகஸ்டில் வெளியான 24.8 பதிப்பிலேயே வந்துவிட்டன.

மெர்ச்சண்டைசரின் மேசை வேறு. பையிங் ஆபீஸிலிருந்து வரும் ஆர்டர் ஷீட்டில் அவர்களே எழுதிய மேக்ரோ, அதாவது வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல், இருக்கலாம். அழுத்தினால் கணக்கிடும் பொத்தான்கள் இருக்கலாம். பவர் கொயரி வழியே வேறொரு கோப்பிலிருந்து விவரங்களை இழுக்கும் இணைப்பு இருக்கலாம். கால்க் எக்செல் மேக்ரோக்களில் ஒரு பகுதியை மட்டுமே இயக்கும். விண்டோஸின் ஆக்டிவ்எக்ஸ் பொத்தான்களை நம்பி எழுதப்பட்டவை அநேகமாக இயங்கமாட்டா. பவர் கொயரியும் பவர் பிவட்டும் கால்கில் இல்லை. மேக்ரோ இல்லாத சாதாரண ஆர்டர் ஷீட்டாக இருந்தாலும், ஒரே கோப்பு நான்கைந்து முறை எக்செலுக்கும் கால்குக்கும் இடையே போய்வந்தால் நிபந்தனை வண்ணங்கள், வரைந்த அம்புக்குறிகள், படங்களின் இடம் போன்றவை சிறிது சிறிதாக நிலைகுலையும். பையர் பார்க்கும் கோப்பில் அப்படி நேர்ந்தால் அதற்கான விளக்கத்தை உங்கள் ஊழியர்தான் எழுத வேண்டியிருக்கும். ஆகவே வெளியாரோடு ஒரே கோப்பைத் திருத்தித் திருத்திப் பரிமாறிக்கொள்ளும் மேசைகளில் எக்செல் அப்படியே இருக்கட்டும்.

இதை ஊகத்தில் முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு பிரிவிலும் கடந்த மூன்று மாதங்களில் உருவான கோப்புகளின் நகலை ஒரு கணினியில் சேர்த்து, லிப்ரே ஆபீஸில் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். அன்றாடம் பயன்படும் கோப்பு மாதிரிகள் ஒரு பிரிவில் சிலவாகத்தான் இருக்கும் என்பதால் இது சில நாட்களில் முடிந்துவிடும். எது சரியாகத் திறக்கிறது, எது நகர்ந்துவிடுகிறது, எது இயங்க மறுக்கிறது என்று குறித்துக்கொண்டால், எத்தனை உரிமங்கள் உண்மையில் தேவை என்பதை அந்தக் குறிப்பே சொல்லிவிடும்.

திறந்தவுடன் பக்கங்கள் தள்ளிப்போவதைக் கண்டு மிரள வேண்டாம். பெரும்பாலும் அது எழுத்துருவின் குறைதான். வேர்டும் எக்செலும் நெடுங்காலம் இயல்பாகப் பயன்படுத்திய கலிப்ரி, கேம்ப்ரியா ஆகிய எழுத்துருக்கள் மைக்ரோசாஃப்டின் உடைமை; ஆபீஸோ விண்டோஸோ இல்லாத கணினியில் அவை இருக்கமாட்டா. அவற்றின் அதே அகலத்தில் அமைக்கப்பட்ட கார்லிட்டோ, கலேடியா ஆகிய கட்டற்ற எழுத்துருக்கள் இருந்தால் வரிகள் பழைய இடத்திலேயே முறியும். ஏரியலுக்கும் டைம்ஸ் நியூ ரோமனுக்கும் ஈடாக லிபரேஷன் எழுத்துருக்கள் லிப்ரே ஆபீஸுடனேயே வருகின்றன.

கேள்வி: இலவசமாகத் தருகிறார்களே, நாளை எல்லோரும் பழகிய பிறகு காசு கேட்கமாட்டார்களா? வணிக நிறுவனங்கள் பயன்படுத்தச் சட்டப்படி அனுமதி உண்டா? (மொத்த வியாபாரி, திண்டுக்கல்)

பதில்: அனுமதி உண்டு. லிப்ரே ஆபீஸின் உரிமம், யார் வேண்டுமானாலும், எத்தனை கணினிகளில் வேண்டுமானாலும், எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தலாம் என்கிறது. வீட்டுக்கு மட்டும், மாணவருக்கு மட்டும் என்ற வரம்பு அதில் இல்லை.

உங்கள் முதல் ஐயத்துக்கு இந்த மென்பொருளின் வரலாறே நல்ல விடை. இது ஸ்டார் ஆபீஸ் என்ற பெயரில் ஜெர்மனியில் ஒரு தனியார் நிறுவனத்தின் வணிகப் பொருளாகப் பிறந்தது. 1999-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அந்த நிறுவனத்தை வாங்கி, 2000-இல் மென்பொருளின் மூலநிரலை (அதை உருவாக்க எழுதிய நிரல் வரிகளை) எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஓப்பன் ஆபீஸ் உருவானது. 2010-இல் சன் நிறுவனத்தையே ஆரக்கிள் வாங்கியபோது, இனி இந்த மென்பொருளின் கதி என்னவாகுமோ என்று அதை உருவாக்கிவந்தவர்களே கவலை கொண்டார்கள். அந்த ஆண்டு செப்டம்பரிலேயே அவர்களில் பலர் டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பைத் தொடங்கி, அதே மூலநிரலை எடுத்துக்கொண்டு லிப்ரே ஆபீஸ் என்ற பெயரில் தொடர்ந்தார்கள். உலகின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனங்களில் ஒன்றின் கைக்குப் போன பிறகும் அந்த நிரலைப் பூட்டிவைக்க முடியாமற்போனதற்குக் காரணம் உரிமம்தான். நாளை இப்போதைய அமைப்பே மனம் மாறினாலும், இன்று உங்கள் கணினியில் உள்ள பதிப்பைத் திரும்பப் பெற முடியாது. வேறு சிலர் அதை எடுத்து வளர்ப்பதைத் தடுக்கவும் முடியாது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். விலையில்லாமல் கிடைப்பதெல்லாம் கட்டற்ற மென்பொருள் ஆகிவிடாது. டபிள்யூபிஎஸ் ஆபீஸ், கூகுள் டாக்ஸ், நம் மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்டு உலகெங்கும் பெயர் பெற்ற சோஹோவின் ரைட்டர், ஷீட் ஆகியவற்றுக்கெல்லாம் இலவசத் திட்டங்கள் உண்டு. ஆனால் அவற்றின் மூலநிரல் அந்தந்த நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது. அவை நல்ல பொருட்களா என்பது வேறு கேள்வி. சோஹோவைப் பயன்படுத்திப் பயன்பெறும் நிறுவனங்கள் ஏராளம். ஆனால் நாளை காசு கேட்பார்களா என்ற உங்கள் கேள்வியை அவற்றை நோக்கிக் கேட்டால், ‘கேட்கலாம், அது அவர்கள் உரிமை’ என்பதே விடை.

தரவிறக்கும்போது இன்னொரு கவனமும் வேண்டும். ஓப்பன் ஆபீஸ் என்ற பழைய பெயரிலும் ஒரு மென்பொருள் அப்பாச்சி அமைப்பிடமிருந்து இன்றும் கிடைக்கிறது. அதன் வளர்ச்சி ஏறத்தாழ நின்றுவிட்டது. வேர்டின் டாக்எக்ஸ் கோப்பைத் திறக்கும், ஆனால் அந்த வடிவில் சேமிக்காது. வணிகத்துக்கு அது உதவாது.

கேள்வி: கணினி வாங்கும்போதே கடைக்காரர் ஆபீஸும் போட்டுக்கொடுத்துவிட்டார். தனியாகப் பணம் எதுவும் கொடுக்கவில்லை. பத்து வருடமாக ஓடுகிறது. நாங்கள் ஏன் மாற வேண்டும்? (நிதி நிறுவனம், நாகர்கோவில்)

பதில்: உங்களிடம் பெட்டியோ, உரிமச் சாவியோ, பில்லில் ஆபீஸுக்கென ஒரு வரியோ இல்லை என்றால், உங்களிடம் உள்ளது பெரும்பாலும் திருட்டு நகல். இதை மென்மையாகச் சொல்வதால் உங்களுக்கு நன்மை இல்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி, உரிமம் மீறிய நகல் என்று தெரிந்தே ஒரு மென்பொருளைக் கணினியில் பயன்படுத்துவது குற்றம். குறைந்தது 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் அதற்கான தண்டனை. வணிக ஆதாயத்துக்காகப் பயன்படுத்தவில்லை என்றால் சிறைத்தண்டனையைத் தவிர்க்க நீதிமன்றத்துக்கு இடம் உண்டு. ஒரு நிதி நிறுவனம் அந்தச் சலுகையைக் கோர முடியாது.

சட்டத்தைவிட அருகில் இருக்கும் ஆபத்து வேறு. திருட்டு ஆபீஸை இயக்க உதவும் ஆக்டிவேட்டர் என்ற சிறு நிரலை நிறுவும்போது, வைரஸ் தடுப்பை முதலில் நிறுத்தச் சொல்வார்கள். யார் எழுதியதென்றே தெரியாத ஒரு நிரலுக்குக் கணினியின் முழு அதிகாரத்தையும் அந்த நேரத்தில் நாமே கொடுத்துவிடுகிறோம். மக்களின் ஆதார் நகலும், பான் எண்ணும், நகைக்கடன் கணக்கும் இருக்கும் கணினியில் இதைச் செய்யலாமா? தமிழ்நாட்டின் சிறு அலுவலகங்களில் லிப்ரே ஆபீஸுக்குப் போட்டி விலை கொடுத்து வாங்கிய எக்செல் இல்லை, இந்தத் திருட்டு எக்செல்தான் என்பது என் நெடுநாள் வருத்தம். இந்தக் கடிதங்களை எழுதியவர்களுள் தள்ளிப்போடாமல் மாற வேண்டியவர் யார் என்று கேட்டால், உங்களைத்தான் முதலில் சொல்வேன்.

கேள்வி: நான் ஈரோட்டில் ஆடிட்டராகத் தொழில் செய்கிறேன். வாடிக்கையாளர்கள் சிலர் லிப்ரே ஆபீஸுக்கு மாறிவிட்டுக் கோப்புகளை அனுப்புகிறார்கள். என் அலுவலகத்திலும் மாறினால் ஜிஎஸ்டி, வருமான வரி வேலைகள் நடக்குமா?

பதில்: சில வேலைகள் நடக்காது. ஜிஎஸ்டி தளத்தில் கிடைக்கும் ஆஃப்லைன் கருவிகள் விண்டோஸையும் மைக்ரோசாஃப்ட் எக்செலையும் அடிப்படையாக வைத்து உருவாக்கப்பட்டவை. அவற்றுள் பல, மேக்ரோ நிறைந்த எக்செல் கோப்புகளே. வருமான வரித்துறையின் எக்செல் படிவங்களும் அப்படித்தான். சில படிவங்களுக்கு எக்செல் தேவைப்படாத தனி மென்பொருளையும் அந்தத் துறை தருகிறது என்றாலும், தாக்கல் செய்யும் கடைசி நாளில் மேக்ரோ இயங்காமல் நிற்கும் நிலைமையை எந்த ஆடிட்டரும் விரும்பமாட்டார். குடிமக்கள் வரி கட்டுவதற்கு ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் பொருளை விலைக்கு வாங்க வேண்டியிருப்பது முறையல்ல என்பது என் கருத்து. திறந்த தரநிலைகளுக்கான கொள்கையை 2010-இலும், மூலநிரல் திறந்திருக்கும் திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை 2015-இலும் மத்திய அரசே வெளியிட்டிருக்கிறது. ஆனால் கொள்கை நடைமுறைக்கு வரும்வரை, தாக்கல் வேலை செய்யும் கணினிகளில் உரிமம் பெற்ற எக்செலை வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றக் கணினிகளில் மாறுவதற்குத் தடை இல்லை. உங்கள் தொழிலில் கால்க் மேலானதாக நிற்கும் ஓர் இடமும் உண்டு. வங்கியிலிருந்தோ பில்லிங் மென்பொருளிலிருந்தோ வரும் சிஎஸ்வி கோப்பை (விவரங்களைக் காற்புள்ளியால் பிரித்த எளிய கோப்பை) இரட்டைச் சொடுக்கில் எக்செலில் திறந்தால், காப்பிக்குரிய 0901 என்ற ஹெச்எஸ்என் (சரக்கு வகை) குறியீடு 901 ஆகிவிடும். 12-03 என்ற பில் எண் ஒரு தேதியாக மாறிவிடும். கால்க் அந்தக் கோப்பைத் திறக்கும் முன்பே ஒரு சன்னலைக் காட்டி, எந்த நெடுவரிசையை எழுத்தாகக் கொள்ள வேண்டும் என்று கேட்கிறது. எக்செலிலும் இதைச் செய்ய வழி உண்டு, ஆனால் அதைத் தேடிப் போக வேண்டும்; அவசரத்தில் யாரும் போவதில்லை.

கேள்வி: ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி பெரும் ஆரவாரத்தோடு கட்டற்ற மென்பொருளுக்கு மாறி, பிறகு மைக்ரோசாஃப்டுக்கே திரும்பிவிட்டதே? அவ்வளவு வசதி படைத்த நகரமே தோற்ற இடத்தில் எங்களைப் போன்றவர்கள் ஏன் இறங்க வேண்டும்? (தனியார் நிறுவன மேலாளர், சென்னை)

பதில்: இந்தக் கேள்வி வந்ததில் மகிழ்ச்சி. மாறப்போகும் எவரும் மியூனிக்கின் கதையை முழுமையாகத் தெரிந்துகொள்வது நல்லது.

விண்டோஸை விட்டு லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்துக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் போவது என்று அந்த நகர மன்றம் 2003-இல் கொள்கையளவில் முடிவெடுத்தது. அதைத் தடுத்துப் பேச மைக்ரோசாஃப்டின் அன்றைய தலைவர் ஸ்டீவ் பால்மரே நேரில் வந்து மேயரைச் சந்தித்தார் என்பதிலிருந்து அதன் முக்கியத்துவத்தை அறியலாம். லிமக்ஸ் என்று பெயரிடப்பட்ட அந்தத் திட்டம் 2013-இல் நிறைவடைந்தபோது ஏறத்தாழ 15,000 கணினிகள் மாறியிருந்தன. இடையில் ஓப்பன் ஆபீஸின் இடத்தை லிப்ரே ஆபீஸ் பிடித்தது. நகராட்சியின் ஆயிரக்கணக்கான கடித மாதிரிகளையும் படிவங்களையும் கையாள வோல்மக்ஸ் என்ற கருவியைத் தாங்களே எழுதி, அதையும் திறமூலமாக வெளியிட்டார்கள். பிறகு நகரின் தலைமை மாறியது. 2017-இல் மன்றம் விண்டோஸுக்குத் திரும்ப வாக்களித்தது. 2020-இல் பொறுப்பேற்ற புதிய கூட்டணியோ, இயன்ற இடங்களிலெல்லாம் திறமூல மென்பொருளுக்கே முன்னுரிமை என்று மறுபடி அறிவித்தது. ஆகவே, தோற்றது என்ற ஒரு சொல்லில் அந்தக் கதையை அடக்க முடியாது.

ஆனாலும் அங்கே ஊழியர்கள் பட்ட சிரமம் உண்மையானது. துறைக்குத் துறை தனித்தனிக் கணினிப் பிரிவு, தனித்தனி வழக்கம். பழுது என்றால் யாரைக் கேட்பது என்ற குழப்பம். மற்ற அரசு அலுவலகங்களிலிருந்து வரும் கோப்புகளும், விண்டோஸில் மட்டுமே இயங்கும் துறைசார் மென்பொருட்களும் தந்த தொல்லை. என் பார்வையில், இயங்குதளத்தையும் அலுவலக மென்பொருளையும் ஒரே திட்டத்தில் மாற்றியது இந்தச் சுமையை இரட்டிப்பாக்கியது. அச்சு எந்திரம் வேலை செய்யவில்லை என்றாலும், கடிதத்தின் ஓரம் நகர்ந்தது என்றாலும், பழி எல்லாம் லிமக்ஸ் மீதே விழுந்தது.

பிரான்ஸின் ஜாந்தர்மெரி என்ற தேசியக் காவல் படை வேறு வழியில் போனது. 2005-இல் விண்டோஸை அப்படியே வைத்துக்கொண்டு ஓப்பன் ஆபீஸை மட்டும் கொண்டுவந்தார்கள். அடுத்து உலாவியையும் மின்னஞ்சலையும் மாற்றினார்கள். ஊழியர்களின் கை அந்த மென்பொருட்களில் பழகிய பிறகு, 2008 முதல் லினக்ஸைக் கொண்டுவந்தார்கள். தினமும் பயன்படுத்தும் மென்பொருட்கள் ஏற்கெனவே பழகியவையாக இருந்ததால், அடியில் இருந்த இயங்குதளம் மாறியது பெரிய இடையூறாகத் தெரியவில்லை. ஜெர்மனியிலேயே ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு, சுமார் 30,000 கணினிகளில் லிப்ரே ஆபீஸைக் கொண்டுவருவதென 2024 ஏப்ரலில் முடிவெடுத்து அதைச் செயற்படுத்தி வருகிறது. அவர்கள் முன்வைக்கும் காரணங்களில் செலவைவிட, தங்கள் ஆவணங்கள் பிறர் கட்டுப்பாட்டில் இருக்கக்கூடாது என்பதே முதன்மையானது.

உங்கள் நிறுவனத்துக்கு இதிலிருந்து கிடைப்பது ஒரு வரிசை. விண்டோஸைத் தொடாதீர்கள். லிப்ரே ஆபீஸ் விண்டோஸிலும் இயங்கும். பழைய ஆபீஸோடு பக்கத்தில் பக்கமாகவும் இருக்கும். சில மாதங்கள் இரண்டும் இருக்கட்டும். எந்தக் கேள்வி என்றாலும் கேட்பதற்கு அலுவலகத்துக்குள்ளேயே ஒருவரை நியமித்து, அதற்கான நேரத்தை அவருடைய வேலை நேரத்திலேயே ஒதுக்கிக் கொடுங்கள்; தன் வேலையையும் பார்த்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் சொல்லித்தரட்டும் என்று விட்டால் மியூனிக்கின் குழப்பம் சிறிய அளவில் உங்கள் அலுவலகத்திலும் நேரும். உரிமக் கட்டணத்தில் மிச்சமாகும் தொகையில் முதல் ஆண்டுக்குரியதைப் பயிற்சிக்கென்றே எழுதிவிடுங்கள். முதலாண்டிலேயே லாபம் பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இதில் இறங்காமல் இருப்பது நல்லது என்றே சொல்வேன். அடுத்த ஆண்டுகளில் மிச்சமாவதில் ஒரு சிறு பங்கையாவது டாக்குமென்ட் ஃபவுண்டேஷனுக்கு நன்கொடையாக அனுப்புங்கள். அந்த அமைப்பு பெரும்பாலும் நன்கொடைகளில்தான் இயங்குகிறது.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் எங்கள் அலுவலகத்தின் பழைய கடிதங்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. லிப்ரே ஆபீஸில் அவற்றைத் திறக்கலாமா? தமிழ் தட்டச்சில் ஏதேனும் சிக்கல் வருமா?

பதில்: பாமினி எழுத்துரு கணினியில் நிறுவப்பட்டிருந்தால் அந்தக் கடிதங்கள் திறக்கும், அச்சாகும். தமிழ்நாட்டில் வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் கோப்பு வைத்திருப்பவர்களுக்கும் இதே பதில்தான். பாமினியில் நாம் காண்பது தமிழ் எழுத்தென்றாலும், கணினியைப் பொறுத்தவரை உள்ளே கிடப்பவை ஆங்கில எழுத்துகளே. ஆகவே வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் தன்னியக்கத் திருத்தம் இயங்கினால், அந்த இடத்தில் வேறொரு தமிழ் எழுத்து வந்து உட்கார்ந்துவிடும். மேற்கோள் குறிகளை வளைக்கும் திருத்தமும் இப்படியே கெடுக்கும். பாமினியில் தட்டச்சு செய்யும் கணினிகளில் தன்னியக்கத் திருத்தங்களை எல்லாம் முதலிலேயே நிறுத்திவிடுங்கள்.

புதிய கடிதங்களை, தமிழ் எழுத்துகளுக்கெனத் தனிக் குறியீடு உள்ள யுனிகோடில் எழுதுங்கள். லிப்ரே ஆபீஸின் மொழி அமைப்புகளில், சிக்கலான எழுத்தமைப்புக்கான தெரிவை இயக்கி, மொழியாகத் தமிழைக் குறிக்க வேண்டும். இது பலரும் தவறவிடும் படி. இந்த மென்பொருள் தமிழ் எழுத்துக்கு ஓர் எழுத்துருவும், ஆங்கில எழுத்துக்கு வேறோர் எழுத்துருவும் தனித்தனியே நினைவில் வைத்துக்கொள்வதால், பாணி அமைப்பில் இரண்டையும் ஒருமுறை குறித்துவிட்டால்தான் ஒரே வரியில் இரு மொழிகளும் கலந்து வரும்போது அளவு ஏறி இறங்காது. நோட்டோ சான்ஸ் தமிழ், லோகித் தமிழ், மீரா இனிமை ஆகியவை கட்டணமின்றிக் கிடைக்கும் நல்ல எழுத்துருக்கள். பழைய கடிதங்களை மாற்ற என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் உள்ளன. மாற்றிய பிறகு ஒருவர் கண்ணால் படித்துச் சரிபார்ப்பது கட்டாயம், குறிப்பாகக் கடிதத்துக்குள் ஆங்கிலப் பெயர்களும் எண்களும் கலந்திருந்தால். யுனிகோடில் உள்ள தமிழைத்தான் தேட முடியும், வரிசைப்படுத்த முடியும், கைபேசியில் திறந்து படிக்க முடியும். மென்பொருளை மாற்றாவிட்டாலும் இந்த ஒரு வேலையை நீங்கள் செய்தே ஆக வேண்டும்.

கேள்வி: நான் சேலத்தில் ஒரு நிறுவனத்தில் கணக்காளராக இருக்கிறேன். முதலாளி ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எல்லாக் கணினிகளிலும் எக்செலை எடுத்துவிட்டு லிப்ரே ஆபீஸைப் போட்டுவிட்டார். திங்கட்கிழமை வந்த நாங்கள் திணறிப்போனோம். நாளை வேறு வேலைக்குப் போனால் எக்செல் தெரியுமா என்றுதானே கேட்பார்கள்? என் அனுபவம் வீணாகிவிடுமா?

பதில்: உங்கள் அனுபவம் வீணாகாது. எக்செலில் நீங்கள் கற்றது எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதை மட்டுமன்று. ஒரு மாதக் கணக்கை எந்த நெடுவரிசைகளில் பிரித்து எழுதுவது, பற்றும் வரவும் ஒத்துப்போகாதபோது எங்கே தேடுவது, எந்தக் கூட்டுத்தொகையை எதோடு சரிபார்ப்பது என்பவையே உங்கள் தொழில்திறன். அவை எந்த மென்பொருளிலும் பயன்படும். சார்புகளின் பெயர்கள் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. கட்டத்தைத் திருத்த எஃப்2, வடிவமைக்கக் கன்ட்ரோலும் 1-உம் என்ற விசைகளும் அப்படியே இருக்கின்றன. பார்வைப் பட்டியில் பயனர் இடைமுகம் என்ற பகுதிக்குப் போய், தத்தல் (Tabbed) வடிவைத் தேர்ந்தெடுத்தால் திரையின் மேற்பகுதி எக்செலை ஒத்த அமைப்புக்கு வந்துவிடும்; திணறல் அங்கேயே பெருமளவு குறையும். ஒரே கடிதத்தைப் பலருடைய பெயர், முகவரியோடு தயாரிக்கும் மெயில் மெர்ஜ் மட்டும் உண்மையிலேயே வேறுமாதிரியானது. முகவரிப் பட்டியலை முதலில் ஒரு தரவு மூலமாகப் பதிவு செய்தாக வேண்டும். அதைத் தெரிந்தவர் ஒருவர் அருகில் அமர்ந்து ஒருமுறை செய்துகாட்டினால் போதும். கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் ஒரு தலைமுறையே லினக்ஸிலும் இந்த மென்பொருட்களிலும் கணினி கற்று வெளியே வந்து, இன்று எக்செல் கேட்கும் நிறுவனங்களிலும் வேலை பார்க்கிறது.

ஆனால் உங்கள் முதலாளி செய்த முறை தவறு. ஊழியர்களிடம் சொல்லாமல் ஒரு விடுமுறை நாளில் கருவியை மாற்றுவது, அந்தக் கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதன்மீது வெறுப்பையே வளர்க்கும். இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டத் தயங்க வேண்டாம். பழைய எக்செல் உரிமங்கள் கையில் இருந்தால், இந்த நிதியாண்டுக் கணக்கு முடியும்வரை கணக்குப் பிரிவில் மட்டுமாவது அதைத் திரும்ப நிறுவிக் கொடுங்கள் என்று அவரைக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பதிப்பு பழையதாக இருந்தால், மின்னஞ்சலில் வரும் வெளியார் கோப்புகளை அதில் திறக்காமல் லிப்ரே ஆபீஸிலேயே திறக்கட்டும்.

கேள்வி: லிப்ரே ஆபீஸில் தொகைகளுக்கு 1,250,000 என்று மேலைநாட்டு முறையில் காற்புள்ளி விழுகிறது. 12,50,000 என்று லட்சக் கணக்கில் வர வேண்டும். அதோடு, நான் சேமிக்கும் கோப்பை மற்றவர்கள் எக்செலில் திறக்க முடியவில்லை என்கிறார்கள். என்ன செய்வது? (அரிசி மண்டி, தஞ்சாவூர்)

பதில்: தொகை உள்ள கட்டங்களைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோலும் 1-உம் அழுத்தி, வடிவக் குறி கேட்கும் இடத்தில் #,##,##0.00 என்று எழுதுங்கள். லட்சத்துக்கும் கோடிக்கும் உரிய இடங்களில் காற்புள்ளி விழும். இரண்டாவது, லிப்ரே ஆபீஸ் இயல்பாக ஓடிஎஸ் என்ற வடிவில் சேமிக்கிறது. அது 2006-லேயே பன்னாட்டுத் தரநிலையாக ஏற்கப்பட்ட திறந்த ஆவண வடிவத்தைச் சேர்ந்தது. இன்றைய எக்செலும் அதைத் திறக்கும் என்றாலும், எதிர்முனையில் இருப்பவர் பெயரைப் பார்த்தே தயங்கிவிடுகிறார். விருப்பத்தெரிவுகளில் ஏற்று/சேமி என்ற பகுதிக்குப் போய், விரிதாள்களை எப்போதும் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவில் சேமிக்குமாறு ஒருமுறை மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை வராது. மண்டிக்குள் மட்டும் புழங்கும் கணக்குகளைச் சேமிக்கும்போது மட்டும் ஓடிஎஸ் வடிவைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். வெளியே அனுப்பும் பில்லையும் விலைப்பட்டியலையும் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். அதற்கான பொத்தான் கருவிப்பட்டையிலேயே இருக்கிறது.